சாவி கொடுக்கும் கிராமபோன்: ஆசையில் செய்யும் தவறுகள்

பரணில் இருந்து தாத்தாவின் கிராமபோன் பெட்டியை இறக்கியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். தூசியைத் தட்டிவிட்டு, சாவியைச் சொருகி, சுற்றத் தொடங்கிவிடுவார்கள். 60 வருஷம் சும்மா கிடந்தபோது வராத சேதம் அந்த அரை மணி நேரத்தில் வந்துவிடும்.

நான் மனதில் வைத்து எழுதுவது எச்.எம்.வி கம்பெனியின் 102 என்ற மாடல். சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற பெட்டி, 1931-இல் வந்தது. மற்ற சாவிப் பெட்டிகளுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

உள்ளே மோட்டாரை ஓட்டுவது ஒரு நீளமான எஃகுப் பட்டைச் சுருள். வட்ட டப்பாவுக்குள் கிரீஸில் ஊறிக் கிடக்கும். நான் முதன்முதலில் பார்த்த டப்பாவில் அந்த கிரீஸ் இறுகிப்போன கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விடும்போது சட்டென்று வழுக்கும். பாட்டின் நடுவே 'தொம்' என்று கேட்பது அதுதான். உடனே ஸ்பிரிங் போச்சு என்று முடிவுகட்ட வேண்டாம். பழையதைக் கழுவி, கிராஃபைட் கலந்த கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அந்த டப்பாவைப் பழக்கமில்லாமல் வீட்டில் திறக்காதீர்கள். சாவி முழுக்க இறங்கிய பிறகும் சுருள் உள்ளே விறைப்பாகத்தான் இருக்கும். வெளியே பாய்ந்தால் கையைக் கிழித்துவிடும்.

பக்கத்தில் மூன்று குண்டுகளோடு சுழல்வது கவர்னர், வேகத்துக்குக் கடிவாளம். சாவி ஏறியிருக்கும்போது அதைக் கழற்றினால் ஸ்பிரிங் ஒரே மூச்சில் அவிழ்ந்து பற்சக்கரங்களை நாசமாக்கிவிடும். ஆகவே எந்தத் திருகாணியைத் தொடுவதற்கு முன்பும், சுழல்தட்டைத் தானாக ஓடி நிற்கும்வரை விடுங்கள்.

அப்புறம் எண்ணெய். நானும் தேங்காய் எண்ணெய் விட்டவன்தான். ஐப்பசியில் வெண்ணெயாக ஓடியது, மார்கழியில் நின்றுவிட்டது. துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். இருக்கிற மசகையும் கரைத்துவிட்டு அது காய்ந்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் போதும், அச்சுக்கு ஒரு சொட்டு. கவர்னரை உரசுகிற சின்னத் தோல் துண்டுக்கும் மறக்காமல் ஒரு சொட்டு. அது காய்ந்தால் கீச்சிடும், பாட்டின் வேகமும் அலையும்.

ஊசி விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். "ஊசி இன்னும் கூராகத்தானே இருக்கு" என்று ஒரே எஃகு ஊசியில் பத்து இசைத்தட்டு போடுகிறார்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டில் அரக்கோடு நைஸான கல்பொடியும் கலந்திருக்கும். அது முதல் சில சுற்றிலேயே ஊசி முனையைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். பக்கம் முடியும்போது முனை உளி மாதிரி ஆகியிருக்கும். லென்ஸில் பார்த்தால் பட்டையடித்திருப்பது தெரியும். அதே ஊசியை அடுத்த தட்டில் வைத்தால் உளி பள்ளத்தைச் செதுக்க ஆரம்பிக்கும். தட்டு சாம்பல் நிறமாக வெளுத்து, பாட்டுக்குப் பதில் இரைச்சல்தான் மிஞ்சும். ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. அந்தக் காலத்தில் டப்பாவுக்கு 200 ஊசி வைத்து விற்றது இதற்காகத்தான். பின்னாளில் வந்த பிளாஸ்டிக் (வினைல்) எல்.பி. தட்டை இந்தப் பெட்டியில் வைக்கவே கூடாது. எல்.பி. தாங்குகிற எடை சில கிராம்தான். ஊசியைப் பிடித்து ஒலி எழுப்பும் வட்டமான பாகமான சவுண்ட் பாக்ஸ், இந்தப் பெட்டியில் 100 கிராமுக்கு மேல் அழுத்தும்.

தட்டைத் துடைக்க ஸ்பிரிட் எடுப்பவர்கள் ஒருமுறை மர பாலிஷ் போடுகிறவரிடம் போய் நின்று பார்க்கலாம். அவர் அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில். தட்டும் அரக்குதான், கரைந்துவிடும். மரப்பெட்டி மாடல்களில் பளபளக்கும் மேல்பூச்சும் பெரும்பாலும் அரக்குதான். சானிடைசரும் இதே ரகம். ஒரு சொட்டு திரவ சோப்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, லேபிளில் ஈரம் படாமல், பள்ளத்தின் வட்டத்தோடு துடைத்தால் போதும். நிக்கல் பூசிய பாகங்களில் பித்தளை பாலிஷ் தேய்க்காதீர்கள். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் புதிதாக முலாம் பூசினால்தான் உண்டு.

சவுண்ட் பாக்ஸ் கரகரவென்று அதிர்ந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கல்லாகியிருக்கும். புது வளையம் போட வேண்டுமே தவிர, விளிம்பில் பசை தடவக் கூடாது. நடுவில் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகட்டை விரலால் அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். சவுண்ட் பாக்ஸிலும் அதைத் தாங்கும் கையிலும் வார்ப்பு உலோகப் பாகம் எது இருந்தாலும் மெதுவாகக் கையாளுங்கள். துத்தநாகக் கலவை வயதானால் பிஸ்கட் மாதிரி உடையும்.

பளபளக்கும் பித்தளைக் குழலும் நாய்ப் படமும் ஒட்டி 'ஒரிஜினல்' என்று விற்பதைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உடைந்த போர்ட்டபிள் பெட்டியின் மோட்டாரை எடுத்து, புதுப் பெட்டியும் புதுக் குழலும் பொருத்தியவை அவற்றில் ஏராளம். அதற்குக் கொடுக்கிற காசுக்கு, ரெக்ஸின் கிழிந்த ஒரு நிஜ 102-ஐ நான் வாங்குவேன்.

எல்லாம் முடிந்ததும் வேகத்தைப் பார்க்க வேண்டும். வெறும் சுழல்தட்டைச் சுற்றவிட்டுப் பார்ப்பதும் தவறுதான், ஊசி ஏறியதும் வேகம் இறங்கும். தட்டின் விளிம்புக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, பாட்டு ஓடும்போதே எண்ணுங்கள். 20 விநாடிக்கு 26 சுற்று.