நோர்வேயில் பிள்ளையைப் பார்னஹாகேயில் சேர்க்கப் போகிறீர்களா?

நோர்வேக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் பார்னஹாகேயில், அதாவது இங்குள்ள பாலர் பாடசாலையில், முதலில் கேட்பது "எப்போது எழுதப் பழக்குவீர்கள்?" என்பதைத்தான். நானும் கேட்டேன். மூன்று வயதில் ஏடு தொடக்கி வளர்ந்த நமக்கு அந்தத் தவிப்பு இயல்பு. இங்கே ஆறு வயதாகும் ஆண்டில்தான் பள்ளிக்கூடம். அதுவரை விளையாட்டுத்தான் படிப்பு.

விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஆகஸ்டில் சேர்ப்பதற்கு ஒஸ்லோவிலும் வேறு பல நகராட்சிகளிலும் மார்ச் 1 கடைசி நாள். ஒரு வயதான பிள்ளைக்கு இடம் கிடைப்பது 2009 முதல் சட்ட உரிமை. ஆனால் பிந்தி விண்ணப்பித்தால் அந்த உரிமை கைகொடுக்காது.

அடுத்தது உடுப்பு. மழையானாலும் பனியானாலும் பிள்ளைகள் வெளியே விளையாடப் போவார்கள். உள்ளே கம்பளி, மேலே மழை உடுப்பு, மாற்றுக் கையுறை, எல்லாவற்றிலும் பெயர். பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரும். சின்னஞ்சிறுசுகளைத் தள்ளுவண்டியில் போர்த்தி வெளியே தூங்க வைப்பதும் உண்டு, பதறாதீர்கள்.

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. நான் ஊட்டாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். ஒரு நாள் பார்னஹாகேயிலிருந்து அவளைக் கூட்டிவர நேரத்தோடு போனேன். சேற்றுச் சப்பாத்தோடு தரையில் உட்கார்ந்து, கையுறைக்குள் பெருவிரலை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். மாட்டிவிட ஓடினேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை, பொறுங்கள் என்று கையைக் காட்டினார். நான்காம் தடவை விரல் உள்ளே போயிற்று. மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது. அன்றிரவு கரண்டியை அவள் கையிலேயே கொடுத்தேன். பாதிச் சோறு தரையில் கிடந்தது. மீதியை அவளே சாப்பிட்டாள்.

மூன்று வயதுக்கு உட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பணியாளராவது இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அப்படிக் காத்திருக்கப் பணியாளர்களுக்கு நேரம் கிடைப்பது அதனால்தான். வீட்டில் நாமும் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்கலாம்.

வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். நோர்வேஜிய மொழியைப் பிள்ளை அங்கே பிடித்துக்கொள்ளும். தொடக்க நாள்களில் பிள்ளையோடு நீங்களும் இருந்து பழக்க வேண்டும். வேலையிடத்தில் முன்கூட்டியே விடுப்புக் கேட்டு வையுங்கள். பிறகு விட்டுவரும்போது, அழுதாலும் பரவாயில்லை, சொல்லாமல் நழுவாதீர்கள். கையசைத்து, எப்போது திரும்பி வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.