கோல்ஃப் ஸ்விங்: இடுப்புக்குக் கீழே நடக்கும் தவறுகள்

பந்து சரியாகப் போகவில்லை என்றால் முதலில் கையைத்தான் சந்தேகப்படுகிறோம். பிடியை மாற்றுகிறோம், மணிக்கட்டைத் திருத்துகிறோம். பல நேரம் கோளாறு இடுப்புக்குக் கீழே இருக்கிறது. வலது கைக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

பேக்ஸ்விங்கில், அதாவது கிளப்பை (கோல்ஃப் மட்டையை) பின்னால் ஓங்கும்போது, இடுப்பு திரும்பாமல் வலப்பக்கம் நகர்ந்துவிடுவது ஒரு தவறு. எடை வலது பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போகிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். இதற்குப் பயந்து இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வதும் தவறுதான். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தோள் ஏறக்குறைய 90 டிகிரி திரும்பும்போது, இடுப்பும் 45 டிகிரி வாக்கில் திரும்புகிறது. உடம்பு அவ்வளவு வளையாதவர்கள் இடது குதிகாலைத் தூக்கிக்கொள்ளலாம். மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் 18 பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லாஸ் அப்படித்தான் ஆடினார். நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃப் தொடங்குபவர்களுக்கு நான் இதையே சொல்வேன். முதுகுக்குச் சுமை குறையும்.

சரி, எல்லாவற்றையும்விட அதிகம் கெடுக்கும் தவறுக்கு வருவோம். டவுன்ஸ்விங்கில், அதாவது ஓங்கிய கிளப்பைப் பந்துக்கு இறக்கும்போது, இடுப்பு பந்தை நோக்கி முன்னே வருவது. குனிந்து நின்றபோது பின்னால் இருந்த பிட்டம் அடிக்கும் நேரத்தில் முன்னே தள்ள, உடம்பு நிமிர்ந்துவிடுகிறது. கை வர வேண்டிய இடத்தை இடுப்பு அடைத்துக்கொள்கிறது. அப்புறம் கை எப்படியாவது சமாளிக்கப் பார்க்கும். ஒரு முறை பந்தின் உச்சியில் படும், ஒரு முறை கிளப்பின் கழுத்தில் பட்டு வலப்பக்கம் தெறிக்கும் (ஷாங்க்), இன்னொரு முறை மணிக்கட்டு புரண்டு இடப்பக்கம் வளைந்து போகும் (ஹூக்). கூட ஆடுபவர்கள் "தலையைத் தூக்கிட்டீங்க" என்பார்கள். இடுப்பு முன்னே வந்ததால்தான் தலை மேலே போனது. தலையை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் இது சரியாகாது.

இதற்கு ஒரு சுவர் போதும். பிட்டம் லேசாகச் சுவரைத் தொடும்படி குனிந்து நில்லுங்கள், கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பும்போது வலது பிட்டம் சுவரில் அழுந்த வேண்டும். முன்னால் திரும்பும்போது அதே சுவரில் இடது பிட்டம் வந்து படிய வேண்டும். நடுவில் இரண்டுமே சுவரைவிட்டு விலகினால் தவறு அங்கேதான். மெதுவாகச் செய்யுங்கள், கிளப்பைப் பிறகு எடுக்கலாம். நிற்கும்போது எடை கால்விரல்களில் இருந்தாலும் உடம்பு முன்னே சாயும், அதையும் கவனியுங்கள்.

"இடுப்பை வேகமாகச் சுழற்று" என்ற அறிவுரை பாதி உண்மைதான். எடை வலது காலில் தங்கியிருக்கும்போதே சுழற்றினால் தோளும் கூடவே திறந்து, கிளப் வெளியிலிருந்து குறுக்கே வந்து பந்தை ஸ்லைஸ் ஆக்கும், அதாவது வலப்பக்கம் வளைந்து போகவைக்கும். வேகப் பந்துவீச்சாளரைப் பாருங்கள்: முன்கால் ஊன்றிய பிறகுதான் கை வருகிறது. இங்கும் பேக்ஸ்விங் முடிவதற்குச் சற்று முன்பே எடை இடது காலுக்கு மாறத் தொடங்க வேண்டும். டவுன்ஸ்விங் கால் நொடிதான், யோசித்துச் செய்ய நேரமில்லை. அதனால் இரண்டு கால்களையும் சேர்த்து நின்று, கிளப் மேலே போகும்போதே இடது காலை இலக்குப் பக்கம் எடுத்து வைத்து அடித்துப் பழகுங்கள்.

இடது பாதத்தை 20 டிகிரி அளவுக்காவது இலக்குப் பக்கம் திருப்பி வையுங்கள். நேராக ஊன்றிய பாதத்தின் மேல் உடம்பு முழுவதும் திரும்பினால் முழங்கால் முறுக்கப்படும். ஏற்கெனவே முழங்காலில் வலி உள்ளவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.