எச்.ஐ.வி. சுயபரிசோதனை கிட்: இளைஞர்களுக்குக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இளைஞர்களுக்கு எச்.ஐ.வி. சுயபரிசோதனை கிட் கொடுக்கப் பழகும் புதுத் தன்னார்வலர்களோடு சுற்றி வருகிறேன். ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். கிட்டை எப்படிப் பிரிப்பது, எங்கே போடுவது என்பதெல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

ரிசல்ட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். மாதக் கடைசியில் கணக்குக் காட்ட வேண்டும், கிட் வாங்கியவன் உண்மையிலேயே சோதித்தானா என்று தெரிய வேண்டும். உடனே, "தம்பி, ரிசல்ட் வந்ததும் வாட்ஸாப்ல ஒரு போட்டோ போட்டுடு" என்கிறார்கள்.

ஷூ கம்பெனி வேலைக்காக வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு பையன் அப்படி அனுப்பினான். நெகட்டிவ்தான். ஆனால் போட்டோ போனிலேயே கிடந்தது. கிரிக்கெட் பார்க்க போனை வாங்கிய ரூம்மேட் கண்ணில் பட்டுவிட்டது. "உனக்கு எதுக்குடா இந்த டெஸ்ட்?" அவ்வளவுதான். மறுநாளே அவன் தட்டைத் தனியாக ஒதுக்கினார்கள். சேர்ந்து சாப்பிடுவதால் எச்.ஐ.வி. பரவாது என்று நாங்கள் போய்ச் சொல்லவும் வழியில்லை. நாங்கள் போய் நின்றாலே சந்தேகம் உறுதியாகிவிடும். அவன் ரூமைக் காலி செய்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் அந்தத் தெருவில் ஒருவரும் எங்களிடம் கிட் வாங்கவில்லை. தொற்றே இல்லாதவனுக்கு இந்தக் கதி என்றால், இருப்பவன் எந்தத் தைரியத்தில் வருவான்?

பரிசோதனைக்கு இடமில்லாத ஊர் இல்லை இது. 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை நம் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுவந்து சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே தெரிந்தது. இன்றைக்கு அரசு நம்பிக்கை மையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள். ஆனால் வேலூரில் யாருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ இருப்பார்கள். அவர்கள் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயத்தில்தான் பையன்கள் போவதில்லை. அந்தப் பயம் உள்ளவர்களுக்காகத்தான் இந்த கிட். அவர்களிடமே போட்டோ கேட்டால் எப்படி?

சட்டமும் இருக்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒருவரைத் தன் நிலையைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. போட்டோ அனுப்பினால்தான் கிட் என்பதும் கட்டாயம்தான்.

கொடுத்த கிட்டை மட்டும் எண்ணுங்கள். "ரெண்டு நாள் கழிச்சு கூப்பிடலாமா, எந்த நேரம் சரிப்படும்?" என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மெசேஜில் டெஸ்ட், கிட் என்ற சொற்களே வேண்டாம்.

மங்கலான கோட்டை விட்டுவிடுவது

கிட்டில் 'டி' (டெஸ்ட்) பக்கம் எவ்வளவு மங்கலாகக் கோடு தெரிந்தாலும் ரியாக்டிவ்தான், அதாவது தொற்று இருக்கலாம். 'சி' (கன்ட்ரோல்) பக்கம் கோடே வராவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. ஈறைத் துடைத்துப் பார்க்கும் ஓராக்விக் கிட் என்றால் 20 நிமிடத்துக்குப் பிறகு, 40 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும்.

போன வாரப் பயத்துக்கு இந்த வாரம் சோதனை

கிட் பார்ப்பது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை. அது தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். அதற்குள் வரும் நெகட்டிவை நம்பி விடக் கூடாது, மறுபடி சோதிக்க வேண்டும். பயப்படும்படி ஏதோ நடந்து 72 மணி நேரம்கூட ஆகவில்லை என்றால் கிட்டை எடுக்காதீர்கள். உடனே டாக்டரிடம் அனுப்புங்கள். தொற்றைத் தடுக்கும் மாத்திரையை அதற்குள் தொடங்கியாக வேண்டும்.

ஏ.ஆர்.டி. மாத்திரை எடுப்பவருக்குக் கொடுப்பது

கூடாது. ஏ.ஆர்.டி. என்பது எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மாத்திரை. அதை எடுப்பவருக்கு கிட் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம்.

கூட்டத்தில் வைத்துக் கொடுப்பது

வேண்டாம்.

ரியாக்டிவ் வந்தவனிடம் விலாசம் மட்டும் சொல்வது

"அடுக்கம்பாறை ஜி.எச். போப்பா" என்று சொன்னால் போதாது. பஸ் ஏறுவதற்குள் மனசு மாறிவிடும். இது முடிவு இல்லை, நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு சோதனைகள் செய்துதான் உறுதிப்படுத்துவார்கள் என்று முதலில் சொல்லுங்கள். உறுதியானாலும் ஏ.ஆர்.டி. மாத்திரை அரசு மையங்களில் இலவசம். கூட வரட்டுமா என்று கேளுங்கள். தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று தயங்கினால் ஆரணியோ திருவண்ணாமலையோ போகட்டும். எந்த மையம் பக்கம் என்று கேட்க எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐ அழைக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.