அந்த ஆறு இலக்கத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம்

வெள்ளவத்தையில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் போன மாதம் ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தது. நன்கு தெரிந்த ஒருவரின் இலக்கத்திலிருந்துதான். "தவறுதலாக உங்கட போனுக்கு ஒரு கோட் வந்திட்டுது, கொஞ்சம் அனுப்புங்கோ அக்கா." பெரியம்மா அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய கணக்கு பறிபோனது. அவர் பெயரில் சொந்தக்காரர்களிடம் அவசரமாகக் காசு கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

எஸ்எம்எஸ்ஸில் வரும் அந்த ஆறு இலக்கம்தான் கணக்கின் சாவி. தெரிந்தவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவருடைய கணக்கும் ஏற்கனவே களவு போயிருக்கலாம். சாதாரண அழைப்பு எடுத்து, அவருடைய குரலைக் கேட்டபின் நம்புங்கள். வட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட், அப்புறம் இரு படிச் சரிபார்ப்பு என்று போய் ஒரு பின் (PIN) இலக்கம் போட்டுவிடுங்கள். வீட்டில் வயதானவர்களுக்கு நீங்களே செய்துகொடுங்கள், தயவுசெய்து.

வங்கி அனுப்பும் ஓடிபியும் (ஒருமுறை மட்டும் பயன்படும் இரகசிய இலக்கம்) அப்படித்தான். யார் கேட்டாலும் அழைப்பைத் துண்டித்து, கார்டின் பின்பக்கமுள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள்.

ஏற்கனவே கோட் கொடுத்துவிட்டீர்களா? உடனே உங்கள் இலக்கத்தை வட்ஸ்அப்பில் மீண்டும் பதிவு செய்யுங்கள், சொந்தக்காரர்களுக்குச் சொல்லுங்கள். காசு போயிருந்தால் முதலில் வங்கிக்கு, அடுத்து கணினிப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் (Sri Lanka CERT) 101க்கு அழையுங்கள்.