குட்டி வருவதற்கு முன்னால் ஒருமுறை தவழ்ந்து பாருங்கள்

நாய்க்குட்டி கொண்டுவருவது என்று முடிவானதும் எல்லோரும் முதலில் ஓடுவது பெட் ஷாப்புக்குத்தான். நானும் ஓடினேன். பஞ்சு மெத்தை, எலும்பு மாதிரி ஒரு பொம்மை, பெயர் பொறித்த தட்டு என்று ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். மணி (ஆமாம், மணிதான், வீட்டில் வேறு எந்தப் பெயரும் எடுபடவில்லை) அந்த மெத்தையை மூன்றே நாளில் குடலை உருவிப் போட்டுவிட்டு, பாத்ரூம் வாசலில் கிடந்த கால்மிதியில் போய்ச் சுருண்டுகொண்டான். அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: கடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வீட்டுக்குள் கையை ஊன்றித் தவழ்ந்து ஒரு சுற்று வாருங்கள். சிரிக்காதீர்கள். குட்டியின் கண் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கிறது.

நான் தவழ்ந்தபோது கிடைத்தவை: பீரோவுக்குப் பின்னால் ஒரு பாச்சை உருண்டை, அடுப்படி மூலையில் எப்போதோ போட்ட கரப்பான் சாக்பீஸ் கோடு, மாடிப்படிக்குக் கீழே பாதி தின்ற எலி பிஸ்கட். மூன்றும் விஷம். அதிலும் எலி மருந்துதான் மோசம், ஏனென்றால் சில வகை மருந்து ரத்தம் உறைவதைத் தடுத்துவிடும், தின்ற அன்று குட்டி வாலை ஆட்டிக்கொண்டு ஓடும், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சோர்ந்து படுக்கும், அதற்குள் நேரம் போயிருக்கும். உயரத்தில் எடுத்து வைத்தேன் என்று சமாதானம் சொல்லாதீர்கள், எலியே அதை இழுத்துக் கீழே போடும். குப்பையில் போட்டுவிடுங்கள். தின்றுவிட்டது என்ற சந்தேகம் வந்தால் அந்த மருந்து வந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

தோட்டத்தில் அரளி இருந்தால் அதுவும் இதே கணக்குதான். இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைப் பாதிக்கும். சாமி படத்திலிருந்து வாடி விழுகிற பூவும் அதில் சேர்த்தி. மணி பிளான்ட் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் மென்றால் வாய் எரிந்து எச்சில் ஊற்றும், மேலே தொங்கவிடுங்கள்.

ரவுட்டர், இன்வெர்ட்டர், சார்ஜர் ஒயர்களைச் சுவரோடு உயர்த்திக் கட்டுங்கள். பால்கனி கிரில் இடைவெளியில் குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும், கோழி வலையை அடித்துவிட்டால் போதும். கேட்டுக்கு அடியில் இருக்கிற சந்து, சம்ப் மூடி, இரண்டையும் பாருங்கள். இன்னொன்று யாரும் சொல்வதில்லை: டைல்ஸ். வழுவழு தரையில் குட்டியின் கால் விரிந்து விரிந்து வழுக்கும், வளர்கிற எலும்புக்கு அது நல்லதில்லை. பழைய கோணிச் சாக்கு, ரப்பர் மிதியடி என்று அது ஓடுகிற வழியில் போட்டு வையுங்கள்.

ஃபினாயில் ஊற்றித் துடைக்கிற பழக்கத்தைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கள், அந்த ஈரத்தில் படுத்துக் காலை நக்கும். மூத்திரம் போன இடத்தை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தால் வாடை போகும், வாடை இருக்கிறவரை அங்கேயேதான் திரும்பப் போகும். உங்கள் வீட்டில் முன்பு ஒரு நாய் பார்வோ (வாந்தியும் பேதியுமாகக் குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்) வந்து இறந்திருந்தால் விஷயம் வேறு. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கெல்லாம் சாகாது. தரையை ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மண் தரையை அப்படிக் கழுவ முடியாது, தடுப்பூசி முடியும்வரை குட்டியை அங்கே இறக்காதீர்கள்.

சரி, இப்போது வாங்க வேண்டியவை. அதிகம் இல்லை. தண்ணீருக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று என்று அடி கனமான இரண்டு எவர்சில்வர் கிண்ணம் (பிளாஸ்டிக்கைக் கடித்துத் துண்டாக்கும்). கழுத்துக்குத் துணிப்பட்டை ஒன்று, இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக, மாதாமாதம் அளவு பார்த்து மாற்றும்படி. சங்கிலி வேண்டாம். கடிக்க இரண்டு ரப்பர் பொம்மை. நான்காம் மாதத்தில் பால் பல் விழ ஆரம்பிக்கும், அப்போது ஈரத்துண்டை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் எந்தப் பொம்மையும் அதற்கு ஈடில்லை. படுக்கைக்கு ஒரு அட்டைப்பெட்டி, பழைய போர்வை. செய்தித்தாள் ஒரு கட்டு. அவ்வளவுதான்.

சாப்பாடு விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களை முதலில் உட்கார வைத்துப் பேசுங்கள், ஏனென்றால் நீங்கள் ஆபீஸ் போனதும் "பாவம், வாயில்லா ஜீவன்" என்று சாம்பார் சோறு போகும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். பாயசத்தில் கிடக்கிற உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் சுகர்ஃப்ரீ சூயிங்கமும் கூடாது. வெந்த கோழி எலும்பு குச்சி குச்சியாக உடைந்து குடலில் குத்தும். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று நம் பாராசிட்டமாலைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. மாட்டுப்பால் விஷம் இல்லை, ஆனால் பல குட்டிகளுக்கு வயிற்றால் போகும், அப்புறம் துடைப்பது நீங்கள்தான். முன்பு இருந்த இடத்தில் என்ன தின்றதோ அதையே ஒரு வாரத்துக்குக் கொடுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, அப்புறம் மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதியே இருக்கிறது, கண் திறந்ததும் தூக்கிக் கொடுக்கிறவரிடம் வாங்காதீர்கள். கால்நடை டாக்டர் யார், ராத்திரியில் எங்கே போவது என்று குட்டி வருவதற்கு முன்பே விசாரித்து, நம்பரை ஃப்ரிட்ஜில் ஒட்டி வையுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, 16 வாரம்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்து, மூன்றாம் மாதத்தில் வெறிநோய்க்கு. பூச்சி மருந்தும் உண்டு, அளவு எடையைப் பொறுத்தது, அதை டாக்டர் சொல்லட்டும். மாநகராட்சி உரிமம் எடுக்க ஊசி போட்ட அட்டை வேண்டும், பத்திரம்.

முதல் ராத்திரி எப்படியும் அழும். தாயோடும் மற்ற குட்டிகளோடும் சுருண்டு கிடந்தது, திடீரென்று தனியாக இருக்கிறது. பெட்டியை ஹாலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள், உங்கள் கட்டில் பக்கத்திலேயே வையுங்கள், தாய் படுத்திருந்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து உள்ளே போடுங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கத் தெரியாது, அலாரம் வைத்து எழுந்து தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் விடுங்கள், போனதும் தட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெட்டியில் போடுங்கள், அந்த நேரத்தில் விளையாட ஆரம்பித்தால் விடிந்துவிடும். மணி நான்காவது ராத்திரிதான் முழுசாகத் தூங்கவிட்டான், அதுவும் கால்மிதியைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து போட்ட பிறகு.