வேகத் திருகைக் கடைசியில் தொடுங்கள்: கேசட் டெக்கின் ஓட்டமும் இழுவையும்

எங்கள் சோமனூர்ப் பக்கம் நாடா என்றால் தறியில் ஓடும் நாடாதான். ஒலிநாடா என்று சொன்னால் "எந்தத் தறிக்குங்க?" என்பார்கள். அதனால் இங்கே டேப் என்றே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. கோயில் நோம்பியில் பதிந்த உடுக்கையடிப் பாட்டு கேசட் ஒன்று வீட்டில் இருந்தது. பழைய டெக்கில் போட்டால் பாட்டு சவ்வாக இழுத்தது. மோட்டார் பின்னால் ஒரு சின்ன ஓட்டை, உள்ளே வேகத் திருகு. அதைத் திருகினேன், சரியானது. பத்து நிமிடம் கழித்து மறுபடி பாட்டு இழுத்தது, மறுபடி திருகல். கடைசியில் பார்த்தால், மோட்டாரின் சுற்றைக் கேப்ஸ்டனுக்குக் (டேப்பை ஓட்டும் தண்டு) கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் தளர்ந்து வழுக்கியிருக்கிறது. திருகை ஏற்றியே வைத்திருந்ததால், புதுப் பெல்ட் மாட்டியதும் பாட்டுக்காரர் ஐந்து வயசுப் பையன் குரலில் பாட ஆரம்பித்தார்!

ஏன் அப்படி என்று புரிய, டேப்பை ஓட்டுவது யார் என்று தெரிய வேண்டும். ரீல் இல்லை. கேப்ஸ்டன் என்ற மெல்லிய இரும்புத் தண்டும், அதன்மேல் டேப்பை அழுத்தும் பிஞ்ச் ரோலர் என்ற ரப்பர் உருளையும்தான். டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அந்த வேகத்தில் காலியான ரீல் நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்று சுற்றும், நிறைந்த ரீல் 18 சுற்றுதான். ரீலை ஒரே வேகத்தில் சுற்றினால் டேப்பின் வேகம் கண்டபடி மாறும். ஆகவே வேகம் கேப்ஸ்டன் பொறுப்பு, டேப் தொய்யாமல் பார்ப்பது ரீல்களின் பொறுப்பு.

பக்கத்து விசைத்தறிக்காரரிடம் இதைச் சொன்னதும், "பீம் இளைக்க இளைக்க எடைக்கல்லை உள்ள தள்ளி வைக்கிறமே, அதேதானுங்க" என்றார். பாவு நூல் சுற்றிய உருளைதான் பீம், எடைக்கல் அதைப் பிடித்து வைக்கும். அதேதான். பிடிக்கும் முறுக்கு மாறாமல் இருந்து சுற்றளவு மட்டும் குறைந்தால் இழுவை ஏறிவிடும். தறியில் கல்லை நகர்த்த ஆள் உண்டு, டெக்கில் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுங்கள்.

முதலில் பெல்ட். பழைய பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துச் சுத்தமாகத் துடையுங்கள், ஃபிளைவீல் (கேப்ஸ்டனோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம்) பள்ளத்தில் ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது. பெல்ட் ஓடும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, அதில் 5 சதவீதம் குறைத்த நீளத்துக்குப் பெல்ட் வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள், மோட்டார் திணறும்.

அடுத்து துடைப்பு. ஹெட் (டேப்பில் இருந்து ஒலியைப் படிக்கும் பாகம்), கேப்ஸ்டன் இரண்டையும் அதே ஆல்கஹாலில் துடைக்கலாம். பிஞ்ச் ரோலர் ரப்பருக்கு நான் லேசான சோப்புத் தண்ணீர்தான் போடுவேன். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடையுங்கள். ரப்பர் கண்ணாடி போல மின்னினாலோ நடுவில் குழி விழுந்திருந்தாலோ ரோலரையே மாற்றுங்கள். கேப்ஸ்டன் பேரிங்கைத் தவிர எதன்மேலும் எண்ணெய் வேண்டாம். கேப்ஸ்டன் பேரிங்குக்கு ஊசி முனையில் ஒரு சொட்டு போதும், அது ரோலர்மேல் பட்டால் துடைப்பை முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

இனி இழுவை. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். டேப்பைச் சுற்றி எடுக்கும் ரீலின் அடியில் ஃபெல்ட் (கம்பளித் துணி) வைத்த கிளட்ச் இருக்கும், ஓரளவுக்கு மேல் பிடித்தால் வழுக்கிவிடும் அமைப்பு. ஓடும்போது அந்த ரீலை விரலால் லேசாகப் பிடியுங்கள். வழுக்கி நிற்க வேண்டும், விட்டதும் தயங்காமல் சுற்ற வேண்டும். (சில டெக் ஆட்டோ ஸ்டாப் போட்டு நின்றுவிடும், பயப்பட வேண்டாம்.) டார்க் மீட்டர் கேசட் (ரீலின் முறுக்கை அளக்கும் கேசட்) கிடைத்தால், பிளேயில் 30 முதல் 70 கிராம் சென்டிமீட்டர் வரை காட்டுவது வழக்கமான அளவு. 50 என்று வையுங்கள்: பக்கம் தொடங்கும்போது ரீலின் ஆரம் 1.1 சென்டிமீட்டர், டேப்பை இழுக்கும் விசை சுமார் 45 கிராம். முடியும்போது ஆரம் 2.5, விசை 20 கிராம்தான். டெக் எப்போதும் பக்கத்தின் கடைசியிலேயே டேப்பைக் கடித்தால், கிளட்ச் பலவீனம் என்று பாதி முடிவு செய்துவிடலாம். ஃபெல்ட்டைத் துடைத்து, ஸ்பிரிங் படிந்து போயிருந்தால் மாற்றுங்கள்.

டேப்பைக் கொடுக்கும் ரீலுக்கு லேசான பிடிப்புப் போதும், 2 முதல் 6 கிராம் சென்டிமீட்டர். பிடிப்பே இல்லாவிட்டால் டேப் ஹெட்டில் ஒழுங்காகப் படியாது, அதிகமானால் கேப்ஸ்டனில் வழுக்கும். சில நேரம் குற்றம் டெக்கில் இருக்காது, கேசட்டில் இருக்கும். ரீலைப் பென்சிலால் சுற்றிப் பாருங்கள், கையிலேயே தெரிந்துவிடும்.

இப்போதுதான் வேகத் திருகு. 3150 ஹெர்ட்ஸ் டெஸ்ட் கேசட் இருந்தால் ஃபோனில் அதிர்வெண் காட்டும் ஆப் போதும். இல்லாவிட்டால் நான் செய்கிற வழி: வேண்டாத பாட்டு கேசட் ஒன்றின் டேப்பைப் பக்கத் தொடக்கத்தில் வெளியே எடுத்து, இழுக்காமல் தரையில் நீட்டி, சரியாக 4 மீட்டர் 76 சென்டிமீட்டர் அளந்து, இரு முனையிலும் சின்னக் காந்தத்தால் ஒரு தொடு தொடுங்கள். மற்ற கேசட்டுகள் அந்தக் காந்தத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம். திரும்பச் சுற்றி ஓடவிட்டால் பாட்டுக்கு நடுவே இரண்டு இடத்தில் 'டப்' கேட்கும். இடைவெளி 100 நொடி இருக்க வேண்டும்.

95 வந்தால் வேகம் அதிகம், 105 வந்தால் குறைவு. பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருகுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கை போகக் கூடாது. 99, 101 வந்தால் விட்டுவிடுங்கள். ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 6 சதவீதம், நீங்கள் 1 சதவீதத்தில் நிற்கிறீர்கள்.

அப்புறம் இன்னொரு கேசட்டின் பக்க முடிவிலும் இதே போல இரண்டு 'டப்' வைத்து அளந்து பாருங்கள். தொடக்கத்தில் 100, முடிவில் 103 என்றால் திருகைத் தொடாமல் பிஞ்ச் ரோலருக்கே திரும்பிப் போங்கள்.