பங்கு கையில், முடிவு யார் கையில்?

கம்பெனி 'ஈசாப்' (ESOP, ஊழியர் பங்குத் திட்டம்) கொடுத்துவிட்டது, இனி நாமும் முதலாளிதான் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். குறிப்பிட்ட காலம் வேலை பார்த்தபின், முன்பே பேசிய விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமைதான் நம் ஊர் ஈசாப். ஆலையை மூடுவதா, ஆளைக் குறைப்பதா என்று முடிவாகும் இடத்தில் அது உங்களை உட்கார வைக்காது.

பெரும்பான்மைப் பங்கு வந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸில் 1994-ல் ஊழியர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து 55 சதவீதப் பங்கைப் பெற்றார்கள். 12 பேர் கொண்ட இயக்குநர் குழுவில் அவர்களுக்குக் கிடைத்ததோ மூன்றே இடம். விமானப் பணிப்பெண்கள் சங்கம் அந்த ஏற்பாட்டில் சேரவே இல்லை. 2002 டிசம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. சம்பளமும் போய், பங்கின் மதிப்பும் போயிற்று. ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கிலேயே போடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பலர் கவனிக்காத தவறு ஒன்று உண்டு. அது நிறுவனம் நன்றாக ஓடும்போதுதான் நடக்கும். வாஷிங்டன் மாநிலத்தில் 1921-ல் தொழிலாளர்களே பணம் போட்டுத் தொடங்கிய ஒலிம்பியா வெனீர் என்ற பிளைவுட் ஆலை லாபத்தில் ஓடியது. பங்கின் விலை ஏற ஏற, புதிதாக வந்தவர்களால் வாங்க முடியவில்லை. அவர்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். பழைய உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் ஒரு சிலர் முதலாளிகள், மற்றவர் எல்லாரும் கூலிக்காரர்கள் என்றாகி, 1954-ல் ஆலையைப் பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை. விதி அப்படி எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

தொழிலாளர்களே உடைமையாளர்களாக இருக்கும் ஸ்பெயினின் மோந்த்ராகோன் கூட்டுறவுகளில் இந்த வழியே அடைபட்டிருக்கிறது. அங்கே உறுப்பினர் போடும் மூலதனத்தை வெளியாளுக்கு விற்க முடியாது. விலகும்போது அவர் கணக்கில் உள்ளதைக் கூட்டுறவுச் சங்கமே திருப்பித் தரும். பணம் எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். ஆகவே நீங்கள் இப்படி ஒரு தொழிலாளர் கூட்டுறவு தொடங்கினால், அதன் துணைவிதி எழுதும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்: புதிய ஆள் எத்தனை மாதத்தில் உறுப்பினர் ஆவார், பங்குத் தொகையைச் சம்பளத்தில் தவணையாகப் பிடிக்கலாமா, விலகுபவருக்கு எத்தனை ஆண்டுக்குள் பணம் போகும். சங்கம் லாபம் பார்த்தபிறகு இதைப் பேச உட்கார்ந்தால் பழைய ஆட்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

உடைமை கைக்கு வந்ததும் சந்தையை மறப்பதும் பெரிய தவறு. பீடித் தொழிலாளர்களுக்கான 1966-ம் ஆண்டுச் சட்டத்தை ஏற்க மறுத்த முதலாளிகள் கடையை மூடியபோது, கண்ணூர்த் தொழிலாளர்கள் 1969-ல் கேரள தினேஷ் பீடி என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அரசும் முதல் கொடுத்து உதவியது. ஆயிரக்கணக்கானோருக்கு அது பல ஆண்டுகள் சோறு போட்டது. பீடி விற்பனை சரியத் தொடங்கியபோது அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1990-களின் பிற்பகுதியில் மசாலாப் பொடி, தேங்காய்ப்பால், குடை என்று இறங்கினார்கள். பீடி சுற்றுவோர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆனால் சங்கத்தை யாருக்கும் விற்கவில்லை.